“அப்பா, இது நேத்து அந்த ஆங்கர் சொன்னது”

கேள்வி: எனக்கு வயது 46. ஆடிட்டர். பல வருடங்களாக ஒரே செய்திச் சேனலைத்தான் பார்க்கிறேன். இரவு ஒன்பது மணி விவாதத்தைத் தவறவிட்டதே இல்லை. போன மாதம் சாப்பிடும்போது அரசியல் பேச்சு வந்தது. “இந்தப் பிரச்சினையில் அந்தக் கும்பல் ஏன் வாய் திறக்கவில்லை என்பதிலேயே எல்லாப் பதிலும் இருக்கிறது” என்றேன். என் மகளுக்குப் பதினாறு வயது. நிமிர்ந்து பார்த்து, “அப்பா, இது நேத்து அந்த ஆங்கர் சொன்னது. ஒரு வார்த்தைகூட மாறல” என்றாள். கோபம் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவள் சொன்னது உண்மை. அந்த வாக்கியம் எனக்குத் தானாகத் தோன்றியது என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொன்று. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எனக்கு ஒரு நண்பன் உண்டு. இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டில் ஆரம்பித்த சண்டை. அவன் அந்தக் கும்பலின் சேனலைப் பார்த்துப் பார்த்தே மாறிப்போனான். அந்தக் கும்பல் அவனை மூளைச்சலவை செய்துவிட்டது என்றுதான் இதுவரை நம்பினேன். இப்போது என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. என் அரசியல் நம்பிக்கைகளில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு எனக்கு ஊட்டப்பட்டது? கணக்கைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கே இப்படியென்றால் எப்படி? அவனோடு மறுபடி பேச முடியுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

செய்தி டெஸ்க்கில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது இதழியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை “என் அப்பாவை எப்படி மாற்றுவது?”, “மாமா அனுப்பும் ஃபார்வர்டுகளை எப்படி நிறுத்துவது?” என்று அடுத்தவரைப் பற்றித்தான் இருக்கும். தன்னைப் பற்றிக் கேட்டு வந்தது உங்கள் கடிதம். அதனால் அதை மூன்று முறை படித்தேன். எந்தக் கட்சி, எந்தச் சேனல் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் ஊகிக்கப் போவதில்லை. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் என் பதில் இதேதான்.

முதலில் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அது உங்களுக்குத் தானாகத் தோன்றியது போல இருந்தது என்கிறீர்கள். அப்படித்தான் இருந்திருக்கும். கேட்ட விஷயத்தை மனம் வைத்துக்கொள்ளும், யாரிடம் கேட்டோம் என்பதைச் சீக்கிரமே நழுவவிட்டுவிடும். 1951-ல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஹோவ்லண்டும் வால்டர் வைஸும் இதைச் சோதித்த ஆய்வை வெளியிட்டார்கள். அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல் சாத்தியமா என்று ஒரு கட்டுரை. மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் அதை எழுதியவர் விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் என்றார்கள். மற்றவர்களிடம் சோவியத் நாளிதழான ‘பிராவ்தா’வில் வந்தது என்றார்கள். பனிப்போர்க் காலத்து அமெரிக்க மாணவர்கள் எதை அதிகம் நம்பியிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் நான்கு வாரம் கழித்து அதே மாணவர்களைக் கேட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டிருந்தது. நம்பகமானவர் பெயரால் ஏறியிருந்த நம்பிக்கை கொஞ்சம் இறங்கிவிட்டது. நம்பமுடியாத இடத்திலிருந்து வந்தது என்று தள்ளிவைத்த கருத்து மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

“அவன் சொல்றதை நான் நம்பறதில்லை, சும்மா ஓடட்டும்னு பார்க்கிறேன்” என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலையாக இருப்பது இதனால்தான். நம்பவில்லை என்ற நினைப்பு அழிந்துவிடும், கேட்டது அழியாது.

அப்புறம், திரும்பத் திரும்பக் கேட்பது. 1977-ல் மூன்று ஆய்வாளர்கள் ஒரு எளிய பரிசோதனையை வெளியிட்டார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை, நம்பும்படியான பொது அறிவு வாக்கியங்களை மாணவர்களிடம் கொடுத்து, உண்மையாக இருக்கும் என்று எவ்வளவு தோன்றுகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். சில வாக்கியங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தன. அவற்றின் மதிப்பெண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அவை உண்மையா பொய்யா என்பது அதில் வித்தியாசம் காட்டவில்லை. முன்பு கேட்டது என்ற பழக்கமே போதுமாக இருந்தது.

“எனக்கே இப்படியென்றால் எப்படி?” என்று கேட்டீர்களே, அதற்கு 2015-ல் லிசா ஃபேசியோவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் பதில் இருக்கிறது. அவர்கள் கொடுத்த பொய் வாக்கியங்களில் ஒன்றைக் கேளுங்கள்: ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குப் பெயர் சேலை. அந்த உடைக்குச் சரியான பெயர் ‘கில்ட்’ என்பது தெரிந்தவர்களுக்குக்கூட, இதே வாக்கியத்தை முன்பே ஒரு முறை படித்திருந்தால், அது சற்றுக் கூடுதல் உண்மையாகப் பட்டது. தெரிந்த விஷயத்திலேயே இந்தக் கதி. ஒரு சட்டத்தின் விளைவு என்ன, ஒரு தலைவரின் உள்நோக்கம் என்ன என்பது போல நம்மால் நேராகப் பார்க்க முடியாத விஷயத்தை இரவுக்கு இரவு கேட்டால் என்ன ஆகும்? உங்கள் படிப்பிலோ புத்தியிலோ குறை ஒன்றும் இல்லை. மனித மனம் வேலை செய்யும் விதம் இது. உங்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரிதான்.

ஆனால் இதெல்லாம் பாதிக் கதைதான். மீதிப் பாதியை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

ஒரு நிறுவனத்தின் கணக்கு உங்கள் மேசைக்கு வருகிறது. எழுதியிருக்கும் செலவுக்கு வவுச்சர் இருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்ப்பது உங்களுக்குக் கைவந்த வேலை. போலி பில் வைத்திருந்தால் எப்படியும் பிடித்துவிடுவீர்கள். கஷ்டம் எதில்? லெட்ஜரில் ஏறாமலே போன கடனில். அதற்குத் தாள் இல்லை, எண் இல்லை. அப்படி ஒன்று இருக்கலாம் என்று தோன்றுவதற்கே, முன்னால் இருக்கும் தாள்களை விட்டு எழுந்து வெளியே போக வேண்டும். கட்சி சார்ந்த சேனல் உங்களைப் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் இந்த எழுதாத பக்கத்தால். பச்சைப் பொய்க்கு வழக்கு வரும், மறுப்பு வரும், மானம் போகும். சொல்லாமல் விட்டதற்கு யார் வழக்குப் போடுவார்கள்?

ஆய்வாளர்களுக்கும் இது பிடிபடக் காலம் ஆயிற்று. 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டின் குழு ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் மே முதல் நவம்பர் வரை அதே வாக்காளர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேசியது. பிரசாரம் ஆட்களைக் கட்சி மாற வைக்கும் என்று எதிர்பார்த்துப் போனார்கள். மாறியவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் ஏற்கெனவே சாய்ந்திருந்த பக்கத்திலேயே இன்னும் இறுகினார்கள். ஊடகத்துக்கு நாம் பயந்த அளவுக்குச் சக்தி இல்லை என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். 1968-ல் மாக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸும் டொனால்ட் ஷாவும் கேள்வியை மாற்றிப் போட்டார்கள். வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலை, செய்திகள் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்ற பட்டியலோடு ஒப்பிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. மக்கள் எந்த முடிவுக்கு வருவார்கள் என்பது செய்தியின் கையில் முழுவதாக இல்லாமல் இருக்கலாம். எதைப் பற்றி முடிவெடுக்க உட்காருவார்கள் என்பது பெருமளவு அதன் கையில்தான் இருக்கிறது.

இதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்பவர்கள் நிறையப் பேர். நான் உள்ளே இருந்தவன். எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

மாலை நாலு மணிக்கு ஒரு கூட்டம். இரவு விவாதத்துக்கு என்ன தலைப்பு என்பதுதான் பேச்சு. மேசையில் ஏழெட்டுச் செய்திகள் கிடக்கும். ஒரு தணிக்கை அறிக்கை வந்திருக்கும், ஒரு மருத்துவத் திட்டத்துக்கு நிதி குறைந்திருக்கும், ஒருவர் மேடையில் ஏதோ உளறியிருப்பார். உளறல்தான் தேர்வாகும். யாரும் “நம் கட்சிக்குச் சாதகமாக இதைப் போடு” என்று உத்தரவு போட மாட்டார்கள். முதலாளி எந்தப் பக்கம், போன மாதம் எந்தத் தலைப்புக்கு ரேட்டிங் ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவே போதும். அடுத்து ஆள் பிடிக்கும் வேலை. நம் பக்கத்துக்கு, கோர்வையாகப் பேசத் தெரிந்தவர். எதிர்ப் பக்கத்துக்கு, சீக்கிரம் கோபப்படுகிறவர். எதிர்ப் பக்கத்தில் நிதானமாக ஆதாரத்தோடு பேசுகிற ஒருவர் இருந்தார். “அவரைக் கூப்பிட்டா ஷோ படுத்துடும்” என்று அவர் எண்ணையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் கத்துகிறவர்கள் என்று எங்கள் பார்வையாளர்கள் நம்பியிருந்தால் அவர்கள்மேல் என்ன தப்பு? நாங்கள் அவர்களுக்குக் காட்டியது கத்துகிறவர்களை மட்டும்தான்.

அப்புறம் வினைச்சொல். தமிழில் வாக்கியம் வினையில் முடிவதால், செய்தியின் தீர்ப்பும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரே பேச்சுதான். நமக்கு வேண்டியவர் என்றால் “விளக்கமளித்தார்”. வேண்டாதவர் என்றால் “மழுப்பினார்”. நம்மவர் “கண்டித்தார்”, அவர் “சீறினார்”. நம்மவர் “திரும்பினார்”, அவர் “ஓட்டம் பிடித்தார்”. உண்மையை “தெரிவித்தார்” என்று எழுதலாம், அதையே “ஒப்புக்கொண்டார்” என்றும் எழுதலாம். ‘ஒப்புக்கொண்டார்’ என்றதும் அதற்கு முன்னால் மறைத்துவைத்திருந்தார் என்று படிக்கிறவர் தாமே நினைத்துக்கொள்வார். நாங்கள் எதையும் பொய்யாக எழுதவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நூறு முறை, வருடம் முழுக்க, ஒரு பக்கத்துக்காரர்கள் விளக்கமளித்துக்கொண்டும் இன்னொரு பக்கத்துக்காரர்கள் மழுப்பிக்கொண்டும் இருந்தால், கேட்பவர் மனதில் இரண்டு விதமான மனிதர்கள் உருவாகிவிடுவார்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர்மீது ஒரு குற்றச்சாட்டு வந்தது. நான்கு நாள் அதுதான் எங்கள் தலைப்புச் செய்தி. பிரேக்கிங், விவாதம், அவர் வீட்டு வாசலிலிருந்து நேரலை எல்லாம். சில மாதம் கழித்து விசாரணையில் அவர்மேல் தவறில்லை என்று வந்தது. அன்று இரவு பதினோரு மணி செய்தியில், வானிலைக்கு முன்னால், நான்கு வரி போனது. அந்த நான்கு வரியை எழுதியது நான். அது சரி என்றோ தப்பு என்றோ அப்போது தோன்றவில்லை. வீட்டுக்குப் போனபோது என் மனைவி வேறு எதையோ பேசும்போது அந்த மனிதரைப் பற்றி “அந்தத் திருடன்” என்றார். அவர் எங்கள் சேனலைத்தான் பார்ப்பார். நான்கு நாளையும் பார்த்திருந்தார். நான்கு வரியைப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இந்த விடுபடலுக்கு எவ்வளவு சக்தி என்று பார்க்க டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு அரசியல் அறிவியலாளர்கள் 2020-ல் அமெரிக்காவில் ஒரு காரியம் செய்தார்கள். வலதுசாரிச் சாய்வுள்ள ஃபாக்ஸ் நியூஸ் சேனலை வழக்கமாகப் பார்ப்பவர்களில் ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுத்து, செப்டம்பர் மாதம் முழுவதும் வாரத்துக்கு ஏழு மணி நேரம் வரை அதற்குப் பதிலாக சிஎன்என் பார்க்கச் சொல்லி, மணிக்கு 15 டாலர் கொடுத்தார்கள். பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ளக் கேள்வித்தாளும் வைத்தார்கள். இரண்டு சேனலும் ஒரே விஷயத்தைப் பற்றி வேறு வேறு கருத்துச் சொன்னதைவிட, வேறு வேறு விஷயங்களையே காட்டிக்கொண்டிருந்தன என்பதுதான் அவர்கள் கண்டதில் முக்கியமானது. ஒன்று கோவிட் பாதிப்பைக் காட்டியபோது இன்னொன்று போராட்ட வன்முறையைக் காட்டியது. மாதக் கடைசியில், சேனல் மாறிப் பார்த்தவர்களுக்கு நாட்டில் என்ன நடக்கிறது என்ற எண்ணமே சில விஷயங்களில் மாறியிருந்தது. டிரம்ப் தவறு செய்தால் ஃபாக்ஸ் அதைச் சொல்லாது என்று ஒத்துக்கொள்பவர்களும் அவர்களிடையே கூடியிருந்தார்கள். வருடக்கணக்காக வேரூன்றிய அரசியல் பற்றுள்ளவர்கள் இவர்கள். ஒரே மாதத்தில் இவ்வளவு. பணம் நின்றதும் பழைய சேனலுக்குத் திரும்பினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மாற்றம் பெரும்பாலும் கரைந்துவிட்டிருந்தது.

இந்த ஆய்வை நான் ஃபாக்ஸைக் குறை சொல்லச் சொல்லவில்லை. அந்த ஆய்வாளர்களே இரண்டு சேனலும் தேர்ந்தெடுத்துத்தான் காட்டின என்கிறார்கள். சிஎன்என் பார்ப்பவர்களை ஃபாக்ஸுக்கு மாற்றியிருந்தாலும் அவர்கள் பார்த்திராத ஏதோ ஒரு பக்கம் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் கடிதத்துக்கே வருகிறேன். “அந்தக் கும்பல்” என்ற சொல் அதில் மூன்று இடங்களில் இருக்கிறது. முதல் இடம், மகளிடம் பேசியது. அது ஆங்கரின் வாக்கியம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மற்ற இரண்டு இடங்களும் எனக்கு எழுதும்போது, சந்தேகம் வந்த பிறகு, யோசித்து எழுதிய இடங்கள். உங்கள் நண்பரைப் பற்றிய பத்தியில்தான் அந்த இரண்டும் வருகின்றன. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கருத்தைச் சந்தேகிக்க நாம் எப்படியோ கற்றுக்கொள்கிறோம். பெயர்ச்சொல்லைச் சந்தேகிக்கத் தோன்றுவதே இல்லை.

பெயர் சாதாரண விஷயம் இல்லை. ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1993 ஜூலையில் ஆர்டிஎல்எம் என்ற வானொலி தொடங்கியது. பாட்டு, கிண்டல், அரட்டை என்று இளைஞர்கள் விரும்பிக் கேட்கும் நிலையமாகத்தான் இருந்தது. அதனூடே, அங்கே சிறுபான்மையினரான துட்சி மக்களை ‘கரப்பான்பூச்சி’ என்று அழைப்பது வழக்கமானது. 1994 ஏப்ரலில் துட்சி மக்களின் இனப்படுகொலை தொடங்கியபோது யாரைக் கொல்ல வேண்டும் என்று பெயர் சொல்லி அறிவித்ததும் அதே வானொலி. 2003-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த வானொலியை நிறுவியவர்களில் இருவரையும் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் விலகித் தண்டனை குறைந்ததே தவிர, மூவரும் விடுதலையாகவில்லை. உங்கள் ஒன்பது மணி விவாதத்தை நான் இதோடு சேர்த்து வைக்கவில்லை. தூரம் மிக அதிகம். ஆனால் ஒரு மனிதரைக் கூட்டத்தின் பெயரால் மட்டும் அழைக்கப் பழகுவது அந்தப் பாதையின் முதல் அடி என்பதால், இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. என் மாணவர்களிடமும் இதைத்தான் முதல் வகுப்பில் பேசுவேன்.

எல்லா மனதிலும் பிரசாரம் ஒரே மாதிரி வேர்விடாது என்பதும் உண்மை. ஜெர்மனியில் நாஜிகள் காலத்து வானொலியைப் பற்றி 2015-ல் வந்த ஒரு விரிவான ஆய்வு, யூத வெறுப்பு ஏற்கெனவே ஊறியிருந்த ஊர்களில்தான் அந்தப் பிரசாரம் பலித்தது என்று காட்டியது. அந்த வெறுப்பு பழக்கமில்லாத ஊர்களில் அது எதிர்விளைவையே தந்தது. அதனால் “எவ்வளவு என்னுடையது, எவ்வளவு ஊட்டப்பட்டது?” என்ற உங்கள் கேள்வியை இரண்டு தனிக் கணக்காகப் பிரிக்க முடியாது. உங்களுக்குள் முன்பே ஏதோ ஒரு பயமோ, ஒரு மனக்காயமோ, நியாயமான ஒரு கோபமோ இருந்திருக்கும். சேனல் அதைக் கண்டுபிடித்துத் தண்ணீர் ஊற்றியது. அந்த ஆதிக் கோபம் உங்களுடையதுதான். அதை யார்மேல் திருப்புவது என்பதை மட்டும் அவர்கள் முடிவு செய்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்?

எதிர்ப் பக்கத்துச் சேனலைப் போடுங்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். வேண்டாம். 2018-ல் கிறிஸ் பெய்ல் என்பவரின் குழு, ட்விட்டரில் இருந்த அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்காரர்களை எதிர்த்தரப்புக் கருத்துகளைப் பகிரும் ஒரு கணக்கை ஒரு மாதம் தொடர வைத்த ஆய்வை வெளியிட்டது. அவர்கள் இளகவில்லை, முன்பைவிட இறுகினார்கள். ஃபாக்ஸ் ஆய்வோடு இது மோதுகிறதே என்று கேட்கலாம். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது அதுவரை தெரியாத தகவல். இங்கே கிடைத்தது பெரும்பாலும் எதிராளியின் குரல். நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு எந்தச் சேனலைத் திருப்பினாலும் குரல்தான் கிடைக்கும்.

அதோடு உங்கள் காதும் நடுநிலையாக இருக்காது. 1985-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், 1982-ல் பெய்ரூட்டின் பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்று இரண்டு தரப்பும் சொன்னது. நீங்களும் உங்கள் நண்பரும் ஒரே செய்தியைப் பார்த்தாலும் இதேதான் நடக்கும். “பார்த்தேன், ஒரே பொய்” என்று உங்கள் பழைய நம்பிக்கை இன்னும் கெட்டிப்படும்.

செய்தியே வேண்டாம் என்று ஒதுங்குவதும் சரியில்லை. 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரம் ஃபேஸ்புக்கை மூடிவைத்தவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுடைய அரசியல் பிளவு சற்றுக் குறைந்தது. கூடவே நடப்புச் செய்தி பற்றிய அறிவும் குறைந்தது. ஓட்டுப் போடுகிற ஒருவருக்கு அது நல்லதல்ல.

நான் சொல்வது உங்களுக்குப் பழக்கமான வேலை. ஒரு நோட்டு எடுங்கள். ஒரு மாதத்துக்கு விவாதம் வேண்டாம். செய்தியைப் பாருங்கள் என்பதைவிடப் படியுங்கள், அதுவும் மறுநாள் காலையில். இரவில் அலறியதில் பாதி காலையில் காணாமல் போயிருக்கும். எந்த விஷயத்தில் உங்களுக்குக் கருத்து பலமாக எழுகிறதோ, அதை இடது பக்கம் எழுதுங்கள். வலது பக்கம், இதை முதலில் எங்கே கேட்டேன், அதற்கு ஆதாரமான தாள் எது என்று எழுதுங்கள். தாள் என்றால் தீர்ப்பு, மசோதா, பட்ஜெட் அறிக்கை, முழுப் பேச்சு. ஆங்கர் அதைப் பற்றிச் சொன்னது தாள் ஆகாது. எல்லாவற்றையும் தேட முடியாது, வாரத்துக்கு ஒன்று போதும். நான் கடைசியாக இப்படித் தேடியது ஒரு தீர்ப்பு. விவாதத்தில் மூன்று நாள் அடிபட்ட அந்த ஒரு வரி, 84 பக்கத் தீர்ப்பில் மனுதாரரின் வாதமாகத்தான் வந்திருந்தது. நீதிபதி அதை ஏற்கவே இல்லை. வலது பக்கம் காலியாக இருக்கும் கருத்துகளைக் கைவிட வேண்டும் என்று இல்லை. அவற்றுக்கு வவுச்சர் இன்னும் வரவில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அதே நோட்டில் வேறொரு பக்கத்தில், உங்கள் நண்பரின் நிலைப்பாட்டை அவரே படித்து “ஆமாம், நான் சொல்வது இதுதான்” என்று ஒத்துக்கொள்ளும்படி ஐந்து வரி எழுதிப் பாருங்கள். கிண்டல் கூடாது, ‘கும்பல்’ கூடாது. எழுத வராவிட்டால், இரண்டு வருடமாக நீங்கள் சண்டை போட்டது அவரோடு இல்லை. அவரைப் பற்றி உங்கள் சேனல் செய்துகொடுத்த ஒரு பொம்மையோடு.

அவரோடு மறுபடி பேச முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். குரூப்பில் வேண்டாம், அங்கே நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராலும் இறங்கிவர முடியாது. போனில் கூப்பிடுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். அந்தப் பழைய ஃபார்வர்டு பொய் என்று நிரூபிக்கும் கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முன்பு நான் சொன்ன அதே புரூக்மனும் கல்லாவும் 2016-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு உண்டு. மியாமியில் சிலர் வீடு வீடாகப் போய்த் திருநர் மக்களைப் பற்றிச் சுமார் பத்து நிமிடம் பேசினார்கள். வாதாடவில்லை. வீட்டில் இருந்தவர்களிடம், வாழ்க்கையில் யாராவது உங்களைத் தவறாக எடைபோட்டதுண்டா என்று கேட்டு, சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்கள். திருநர் மக்களைப் பற்றிய தப்பெண்ணம் குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் அது நிலைத்தது. உங்கள் நண்பரை நீங்கள் மாற்றப் போகவில்லை, அதனால் இது அப்படியே பொருந்தாது. ஆனால் கேட்பதால் என்ன நடக்கும் என்பதற்கு என்னிடம் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருந்தால், உங்களுக்கு நடந்ததையே சொல்லுங்கள். “டேய், போன மாசம் என் பொண்ணு என்கிட்ட ஒண்ணு சொன்னா, கேக்கறியா?” என்று தொடங்கினால் போதும். நீங்கள் மாட்டிக்கொண்ட கதையை முதலில் சொல்வதால், அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்காது. அவர் திருப்பி உங்கள் சேனலைக் குத்திக் காட்டலாம். காட்டட்டும். அன்றைக்குப் பதில் சொல்லாதீர்கள். “நீ எதுக்குடா இந்தக் கட்சிப் பக்கம் போன?” என்று நீங்கள் இதுவரை அவரிடம் கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேளுங்கள். அவர் அப்பாவைப் பற்றியோ, வேலை போன ஒரு வருடத்தைப் பற்றியோ, உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வெளியே வரும். அது எந்தச் சேனலிலும் வராது. பேசி முடித்த பிறகும் இருவரும் வேறு வேறு கட்சிக்கே ஓட்டுப் போடுவீர்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னும் ஒரு விஷயம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மகள் சொன்னாள், கோபம் வந்தது, எழுந்து போனேன், தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் சொன்னது உண்மை என்று எனக்குச் சொல்லிவிட்டீர்கள். அவளிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. இன்னும் சொல்லவில்லை என்றால், இன்று இரவு ஒன்பது மணிக்கு டிவியைப் போடாமல் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.